விசாரணைக்கு வராத கொலைகள்!

நம் வீட்டு மாடியறையில் 1,286 கொலைக் கதைகள் இருந்தன. அஞ்ச வேண்டா தோழர்களே, அத்தனையும் தாளில் நடந்த கொலைகள்! மலிவுத் தாளில் அச்சேறி, பெட்டிக்கடைக் கயிற்றிலே கிளிப்பில் தொங்கி, பேருந்து நிலையத்திலே கைமாறி, கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னே ஒரு சந்தில் இருக்கும் நம் வீட்டை வந்தடைந்த துப்பறியும் நாவல்கள். அவற்றுள் நாம் படித்தவை 171. எஞ்சிய 1,115 நூல்களில் யார் யாரைக் கொன்றார், எதற்காகக் கொன்றார், எவர் கண்டுபிடித்தார் என்பது நமக்குத் தெரியாது. தெரியாமலே அவற்றோடு ஒரே கூரையின்கீழ்ப் பல்லாண்டு வாழ்ந்திருக்கிறோம்.

படிக்காத நூலை வாங்கிக் குவிப்பானேன் என்று கேட்பீர்கள். பணி நிமித்தம் நாள்தோறும் ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறித் திண்டுக்கல் சென்று திரும்பியவர் நாம். ஏறுமுன் ஒரு நாவல் வாங்குவது பழக்கம். சமயநல்லூர் வருமுன் முதற் கொலை நடந்துவிடும். வாடிப்பட்டி வருமுன் நமக்கு உறக்கம் வந்துவிடும். மறுநாள் பழைய கொலையை மறந்து புதிய கொலையை வாங்குவோம். இப்படிச் சேர்ந்தவை பாதி. மீதிப் பாதி, தெருக்கோடியில் இருந்த வாடகை நூல்நிலையம் மூடப்பட்டபோது மூன்று சாக்குகளில் வந்தது. நடத்தியவர் அதற்குக் காசு வாங்க மறுத்தார். "பலசரக்குக் கடையில் பொட்டலமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்" என்றார். பார்த்துக்கொண்டோம். படிக்கத்தான் இல்லை.

இந்த ஆண்டு அந்த அறைக்கு வேலை வந்தது. நம் அக்காள் மகளுக்கு இங்கே கல்லூரியில் இடம் கிடைத்தது. நம் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் கல்லூரிகள் இருக்கின்றன. அவள் ஊரிலிருந்தோ காலை 5 மணிக்குப் புறப்பட்டால்தான் முதல் வகுப்புக்கு வந்து சேர முடியும். எனவே சூன் திங்களுக்குள் மாடியறை அவளுக்கு. கொலைகள் வெளியேற வேண்டும். வீட்டார் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கினர்: எடைக்குப் போடு! பழைய பேப்பர் கடை பாய் தராசோடு வந்துவிட்டார். நல்ல மனிதர்; படி குறைக்காதவர். நாம்தான், "பாய், இரண்டு திங்கள் பொறுங்கள், பட்டியல் எழுதிவிட்டுச் சொல்கிறோம்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே போனார். அக்காள் மகளோ சிரிக்கவில்லை. "மாமா, படிக்காத நூலுக்குப் பட்டியல் எதற்கு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. விடை சொல்ல, நம் ஊரின் பழைய வழக்கொன்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

மதுரை மாநகரத்துப் பெருவழக்கு எது? சிலம்புத் திருட்டு வழக்கு! குற்றம் சாட்டியவன் பொற்கொல்லன். உண்மைத் திருடனும் அவனே. குற்றம் சாட்டப்பட்டவன் வேற்றூரிலிருந்து பிழைக்க வந்த கோவலன். நீதிபதி பாண்டியன். விசாரணை? நடக்கவில்லை. தண்டனை? கொலை. அதன் பிறகு கண்ணகி வருகிறாள், கையிலே சான்றோடு. அரசியின் சிலம்பிலே முத்து, தன் சிலம்பிலே மாணிக்கம் என்கிறாள். உடைத்துப் பார்க்கிறார்கள், மாணிக்கம் தெறிக்கிறது. ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும், தோழர்களே? அந்தச் சிறு பொழுதைச் செலவிட மனமில்லாத அரசினால் ஓர் உயிர் போயிற்று, பிறகு ஊரே எரிந்தது. தமிழில் துப்பறியும் கதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது என்பர் ஆராய்ச்சியாளர். துப்பறியத் தவறியதன் கதையை இளங்கோ அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே எழுதிவிட்டார்!

இதே ஊரிலே இன்னொரு கதையும் உண்டு. இரு சமயத்தார் வாதிட்டபோது, அனலில் இட்ட ஏட்டில் எது வேகவில்லை, வைகைப் புனலில் இட்ட ஏட்டில் எது எதிரேறிச் சென்றது என்று பார்த்து வெற்றி தோல்வி சொன்னார்களாம். ஏட்டின் தகுதியை நெருப்பும் நீரும் தீர்மானித்தன! இரு தரப்பு ஏட்டையும் பிரித்து வைத்து, படித்துப் பார்த்து, எவர் சொல்வது சரி என்று ஆராயலாமே என்பது அங்கிருந்த எவருக்கும் தோன்றவில்லை போலும். நெருப்புக்கும் நீருக்கும் அடுத்து இப்போது தராசு. நூலின் தகுதியைக் கிலோக் கணக்கில் சொல்லும் தராசு! அக்காள் மகளிடம் நாம் சொன்னது இவ்வளவே: "தீர்ப்புச் சொல்லட்டும், மறுக்கவில்லை. அதற்கு முன்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்." அவள் சற்று நேரம் நம்மைப் பார்த்தாள். பிறகு துடைப்பம் எடுத்து வந்தாள்.

கணக்கர்கள் பயன்படுத்தும் நீளப் பேரேடு ஒன்று வாங்கினோம். வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், துப்பறிபவர், வெளியிட்டவர், திங்களும் ஆண்டும், விலை, ஓவியர், அட்டையில் கண்டது, இறுதிப் பக்கம் உண்டா என்று பத்துக் கட்டங்கள் இட்டோம். மாலைக்கு முப்பது நூல் என்பது திட்டம். முதல் வாரம் நூலைவிடப் புழுதியைத்தான் மிகுதியாகப் புரட்டினோம். மேம்பாலப் பணி நடந்த நாட்களில் கோரிப்பாளையத்துப் புழுதி முழுதும் நம் மாடியில் குடியேறியிருந்தது. அடுத்தது பூச்சி. ஏட்டைத் துளைத்துத் தின்னும் பூச்சிக்குத் தமிழிலே இராமபாணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! பெயர் வைத்தவர் பக்தரா, நம்மவரா என்று தெரியவில்லை. எவராயினும், எந்தத் துப்பறிபவராலும் பிடிக்க முடியாத குற்றவாளி அந்தப் பூச்சியே. வேப்பிலையும் வசம்பும் வைத்தும் பல நூல்களின் நடுவே சல்லடைக் கண் விழுந்திருந்தது.

பூச்சிக்குத் தப்பியதைத் தாளே கொல்கிறது. மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருளை நீக்காமல் செய்யும் செய்தித்தாள் வகைத் தாள், ஒளியும் காற்றும் பட்டுப் பட்டு மஞ்சளாகிப் பழுப்பாகி, விரல் பட்டால் அப்பளமாய் நொறுங்கும். கம்பித் தையல் துருப்பிடிக்கும். இங்கே ஒரு விந்தையைக் கண்டோம். இத்தகைய மாத நாவல்களை நடு மடிப்பிலே கம்பி தைத்துக் கட்டுவார்கள். அட்டையை அடுத்த முதல் இலையும் கடைசி இலையும் ஒரே தாள். துருவேறி அந்தத் தாள் கழன்றால் கதையின் தொடக்கமும் முடிவும் ஒன்றாகவே போய்விடும்! கொலை தொடங்கிய இடமும் தெரியாது, கொலையாளியும் தெரியாது. நடுவிலே ஐயப்பாடு மட்டும் மிஞ்சும். இறுதிப் பக்கம் இல்லாதவை என்று நாம் குறித்தவை 64.

ஆண்டு கண்டுபிடிப்பது அடுத்த துன்பம். மாதமொரு நாவலாக வெளிவந்தவை இதழா, நூலா என்பதே தீராத வழக்கு. இதழ் என்றால் திங்கள் இருக்கும், அடுத்த திங்களுக்குப் பிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்று மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதன்மேல் கடைக்காரர் விலைச்சீட்டு ஒட்டியிருப்பார். நூல் என்றால் ஆண்டே இராது. விலையைக் கொண்டும், பின்னட்டையில் விளம்பரமான சோப்பையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் கொண்டும், வாடகை நூல்நிலையத்தின் தேதி முத்திரையைக் கொண்டும் நாமே துப்பறிந்தோம். சில குடும்பங்கள் கிழமை இதழில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைக்கும் வழக்கம் உண்டல்லவா? அப்படித் தைத்தவை 38 இருந்தன. அவற்றிலே கதையைவிட அதன் பின்பக்கம் நமக்குச் சுவையாயிற்று: பாதியில் வெட்டுண்ட தேர்தல் செய்தி, திரைப்பட விளம்பரம், ராசி பலன். ராசி பலன்கள் ஒன்றுகூட ஆண்டைச் சொல்லவில்லை. எந்த ஆண்டுக்கும் பொருந்தும்படித்தானே அவற்றை எழுதுகிறார்கள்! தேர்தல் செய்திதான் கைகொடுத்தது.

ஆசிரியர் கட்டத்திலே குழப்பம் மிகுதி. சுபா என்று அட்டையில் இருக்கும். சுரேஷ், பாலகிருஷ்ணன் என இருவர் சேர்ந்து எழுதிய பெயர் அது. சுஜாதா என்பார் அரங்கராசன் என்னும் பொறியாளர். மனைவியின் பெயரில் எழுதினார். புஷ்பா தங்கதுரையும் ஆடவரே. அவரே ஸ்ரீவேணுகோபாலன் என்னும் பெயரில் 'திருவரங்கன் உலா' எழுதியவர். பக்திக்கு ஒரு பெயர், குற்றத்துக்கு ஒரு பெயர், கை ஒன்றுதான்! பேரேட்டிலே இரண்டு பெயரையும் கோடிட்டு இணைத்தபோது நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. இனி, ஒரே நாவல் வேறு தலைப்பிலே மறுபடி வருவதும் உண்டு. அக்காள் மகள் பேரேட்டைக் கணினியில் ஏற்றும்போது ஒவ்வொன்றின் முதல் வரியையும் சேர்த்து ஏற்றினாள். 19 இரட்டைகள் அகப்பட்டன. அவற்றுள் நான்கை நாம் இருமுறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

துப்பறிபவர் கட்டத்தை மேலிருந்து கீழே படித்தாலே தமிழ்த் துப்பறியும் கதையின் வரலாறு கிடைத்துவிடும். பண்டித நடேச சாஸ்திரி 1894இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனை நடமாட விட்டார். ஆரணி குப்புசாமி முதலியார், இங்கிலாந்து ஆசிரியர்களின் கதைகளைத் தழுவித் தமிழில் பொழிந்தார். அவருடைய துப்பறிபவர் ஆனந்த சிங். ஜே. ஆர். ரங்கராஜுவுக்குக் கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்காருக்குத் திகம்பர சாமியார். தேவனுக்குச் சாம்பு. தமிழ்வாணனுக்கு, ஓயாது தேநீர் அருந்தும் சங்கர்லால். தம் பெயரைத் தமிழ்வாணன் என்று வைத்துக்கொண்டவர் துப்பறிபவருக்கு வடநாட்டுப் பெயர் வைத்தது ஏனோ! பிறகு சுஜாதாவின் கணேஷும் வசந்தும், இராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும். நம்மிடம் உள்ளவற்றில் பெரும்பகுதி இந்தக் கடைசிக் கூட்டமே. 1980களில் மாத நாவல் கொடிகட்டிப் பறந்தது. 1993க்குப் பிறகு தனியார் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு கொலையை இலவசமாய்க் கொண்டுவந்து கொடுத்தது. பெட்டிக்கடைக் கயிறு மெலியத் தொடங்கிற்று.

"இவற்றால் பகுத்தறிவுக்கு என்ன பயன்?" என்று இளைஞர் கேட்பர். கேட்க வேண்டும். துப்பறியும் கதையின் அடிப்படை விதி ஒன்றே: நடந்த எதற்கும் காரணம் உண்டு, அந்தக் காரணம் இவ்வுலகில் உண்டு. 'பாஸ்கர்வில்லின் வேட்டை நாய்' 1902இல் நூலாக வந்தது. அதிலே குடும்பத்தையே சாபமாய்த் துரத்தும் பேய் நாய் கடைசியில், பாசுபரம் பூசிய சாதாரண நாய் என்று ஷெர்லக் ஹோம்ஸ் மெய்ப்பிக்கிறார். சுடுகாட்டுப் பேய் சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பாவாக முடிவதும், சாமியாரின் அருள்வாக்கு களவுக்குத் திரையாக முடிவதும் இவ்வகைக் கதையில் எளிதாய் நடக்கிற காரியம். மடத்துத் தலைவரின் கபடத்தைச் சந்தி சிரிக்க வைத்த ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' 1936இல் திரைப்படமே ஆயிற்று. பேய் பிசாசுச் செய்தி வந்த வீட்டுக்கெல்லாம் நேரில் சென்று துருவித் துருவி ஆராய்ந்த இலங்கைப் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் (1898-1978) செய்ததும் இதுவேயன்றோ?

ஆனால் விதியை எழுதியவர்களே விதியை மீறுவதுண்டு. வடுவூராரின் துப்பறிபவரே ஒரு சாமியார்! 'திகம்பர சாமியார்' 1950இல் படமாக வந்தபோது நம்பியார் பல வேடங்களில் அசத்தினார் என்பது வேறு செய்தி. ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் கதை இன்னும் வேடிக்கை. சான்றில்லாமல் அசையாத துப்பறிபவரைப் படைத்த அதே மனிதர், காட்டிங்லி என்னும் சிற்றூரில் இரண்டு சிறுமியர் எடுத்த தேவதை நிழற்படங்களை மெய்யென்று நம்பி 1922இல் ஒரு நூலே வெளியிட்டார். தாளில் வெட்டிய பொம்மைகளைத் தொப்பி ஊசியால் நிறுத்தி எடுத்த படங்கள் அவை என்று அச்சிறுமியர் மூதாட்டிகளான பின் 1983இல் ஒப்புக்கொண்டனர். ஹோம்ஸிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் ஊசியைக் கண்டிருப்பார். படைத்தவரிடம் காட்டினார்கள்! ஆகவே நம் 1,115இல் எத்தனை, பேயை வேடம் என்று காட்டுகின்றன, எத்தனை, பேயைப் பேயாகவே விட்டுவிட்டுக் காசு பார்க்கின்றன என்று நமக்குத் தெரிய வேண்டும். பேரேட்டிலே 11ஆம் கட்டம் ஒன்று இட்டோம். தலைப்பு: 'பேய் - மெய்யா, வேடமா?' படிக்காத நூலுக்கு அதை வெறுமையாக விட்டோம்.

'அட்டையில் கண்டது' என்ற கட்டந்தான் நம்மைத் தலைகுனிய வைத்தது. பெண்ணுருவம் இல்லாத அட்டை என்று தேடினால் நூற்றுக்கு மேல் தேறவில்லை. கொலையுண்ட பெண், கொலையுண்ணப் போகும் பெண், அஞ்சி ஓடும் பெண், மயங்கிச் சாய்ந்த பெண்! கதைக்குள் அவள் ஆறாம் பக்கத்திலேயே செத்துப் போகிறாள் என்று பின்னட்டை சொல்லும். அட்டையில் மட்டும் ஆடை நழுவ நிரந்தரமாய்க் கிடப்பாள். ஆசிரியரின் பெயர் பெண்பெயராய் இருக்கும், எழுதியவர் ஆணாய் இருப்பார். பிணம் மட்டும் உண்மையிலேயே பெண். தம் 115 நாவல்களில் துப்பறியும் பாங்கையும் கையாண்ட வை. மு. கோதைநாயகி (1901-1960) போன்ற பெண்ணொருத்தியின் நூல் நம் குவியலில் ஒன்றுகூட இல்லை. நம் அக்காள் மகள் ஒரு மாலை முழுதும் பேசாமல் அட்டைகளை அடுக்கினாள். பிறகு, "மாமா, 'அட்டையில் கண்டது' என்பதற்குப் பக்கத்தில் 'கதையில் அவள் செய்தது' என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒன்றுமே செய்யவில்லையென்றால் அதையும் எழுத வேண்டும்" என்றாள். போட்டோம். 12ஆம் கட்டம் அவளுடையது. பின்னட்டைகளில் வேலைக்காரனும் கூர்க்காவும் ஓட்டுநரும் முதல் ஐயத்துக்கு ஆளாவதையும் கண்டோம். வறியவன்மேல் முதலில் கை வைக்கும் வழக்கத்தைப் போலீசாரிடமிருந்து கதாசிரியர் கற்றனரா, கதாசிரியரிடமிருந்து போலீசார் கற்றனரா? அதையும் படிப்பவர் சொல்லட்டும் என்று 'முதலில் ஐயுறப்பட்டவர்' என 13ஆம் கட்டமும் சேர்ந்தது.

இத்தனை குறை கண்ட பிறகும் எடைக்குப் போட மனம் வரவில்லை. ஏனென்று சொல்கிறோம். நூலக உலகிலே டூயி தசமப் பகுப்பு என்று ஒரு முறை உண்டு. தமிழ்க் கதை இலக்கியத்துக்கு அதிலே 894.8113 என்பது எண். மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய மு. வரதராசனாரின் நாவலுக்கும் அந்த எண். புதுமைப்பித்தன் சிறுகதைக்கும் அந்த எண். ஆரப்பாளையத்தில் நாம் வாங்கிய கொலைக்கும் அந்த எண்ணே. எண் சாதி பார்க்கவில்லை! சாதி பார்ப்பவர் நாம். வேறொரு மாவட்டத்து நூலகத்தாரிடம் பட்டியலைக் காட்டிப் பெற்றுக்கொள்வீர்களா என்று கேட்டோம். "இதெல்லாம் நூலா?" என்று கேட்டார் பொறுப்பாளர். சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராய் இருந்து நூலகத் தந்தையான அரங்கநாதன் 1931இலேயே ஐந்து விதிகளில் எழுதி வைத்துப் போனாரே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்று! எந்த வாசகர், எந்த நூல் என்று அவர் அந்தஸ்துப் பிரித்தாரா?

இந்த நூல்களின் வாசகர் யார்? லாரியில் உடன் செல்லும் கிளீனர், தறியிலிருந்து திரும்பும் தொழிலாளி, மதியத்தில் அரை மணி ஓய்வு கிடைத்த இல்லத்தரசி, இரவுக் காவலர். பள்ளி விட்டபின் அச்செழுத்தை மறந்துபோகாமல் அவர்களைக் காத்தவை இவைதாம். மன்றத்துப் படிப்பகத்திலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஏடு படிக்கக் கற்ற தலைமுறையை நாம் பெருமையாய்ப் பேசுகிறோம். அதே பெஞ்சிலே நாளேட்டுக்கு அடியில் இந்த நாவல் இருந்ததை மட்டும் பேச மறுக்கிறோம். நாவல் படிப்பவர் கெட்டுப்போவர் என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கூக்குரலையும், அதை மீறி வாசகர் பெருகியதையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்னும் நூலில் ஆராய்ந்திருக்கிறார். 2008இல் சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் இத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. இங்கே பொட்டலம் கட்டியதை அங்கே அலமாரியில் வைத்தார்கள்! சரசுவதி பூசையன்று ஏட்டுக்குச் சந்தனப் பொட்டு இட்டு, அன்று மட்டும் படிக்காமல் இருந்து, மறுவாரம் அதே ஏட்டை எடைக்குப் போடும் நாடல்லவா இது.

காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ஒரு மனிதர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதிய ஓவியர், ரோஜா முத்தையா. பெரும் பட்டம் பெற்றவர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். நூலும் இதழும் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று பிறர் கீழே போட்டதையெல்லாம் பொறுக்கினார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் இருந்தன. சிக்காகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கிற்று. தமிழ்நாட்டை விட்டுப் போகாமல் 1994இல் சென்னையிலே அவர் பெயரால் நூலகமாயிற்று. இன்று தமிழ்ச் சமூகத்தின் வரலாற்றை எழுதுவோர் அங்கே சென்று, ஒருநாள் குப்பையாய் இருந்ததைக் கையுறை மாட்டித் தொடுகிறார்கள். அத்தனையையும் முத்தையா படித்திருப்பாரா? வாழ்நாள் போதாது. இத்தாலி நாட்டு எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ வீட்டிலும் பல்லாயிரம் நூல்கள் இருந்தன. இவற்றையெல்லாம் படித்துவிட்டீர்களா என்று கேட்டு வந்தவர்களைக் கண்டு அவர் நகைத்தார் என்பர். அவரும் கொலைக் கதை எழுதியவரே; 1980இல் வந்த 'ரோஜாவின் பெயர்' மடாலயத்து நூலகத்தில் நடக்கும் கொலைகளைப் பற்றியது. படிக்கத் தகாது என்று ஒரு துறவி மறைத்து வைத்த நூல்தான் அங்கே கொலைக்குக் காரணம்!

மே திங்கள் இறுதியில் பேரேடு முடிந்தது. 1,286 வரிகள். அதன் படியொன்றை ஆராய்ச்சி நூலகம் ஒன்றுக்கு அனுப்பி, உங்களிடம் இல்லாததை மட்டும் குறித்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறோம். அவர்கள் குறிக்கும் நூல்களை ஒதுக்கித் தனிப் பெட்டியில் வைப்பதாய் ஏற்பாடு. மற்றவற்றுக்கு வாசகரைத் தேட நாம் நெடுந்தொலைவு போகவில்லை. நம் தெருவிலிருந்து நடந்தால் அரசு இராசாசி மருத்துவமனை. மக்கள் வாயில் பெரியாஸ்பத்திரி. சிவகங்கை, இராமநாதபுரம், தேனி, விருதுநகர் என்று நாற்புறத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களோடு துணைக்கு வந்தவர்கள் வெளியே காத்துக் கிடக்கிறார்கள். பகல் நீளும்; இரவு அதைவிட நீளும். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோனால் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மருத்துவமனைப் பக்கம் இருக்கும் முடிதிருத்தும் நிலையத்தார் ஒரு சிறு அலமாரிக்கு இடம் தந்தார். தூத்துக்குடியில் இத்தகைய நிலையம் ஒன்று நூலகமே வைத்து, படிப்பவருக்குக் கூலியைக் குறைத்துக்கொள்கிறது என்று அவரே செய்தி படித்திருந்தார். "கூலியைக் குறைக்க முடியாது அண்ணே, இடம் வேண்டுமானால் தருகிறேன்" என்றார். ஒரு நேரத்தில் 40 நூல்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் அக்காள் மகள் அச்சிட்ட ஒரு சீட்டு: வரிசை எண், கொலையுண்டவர், கொலையாளி, காரணம், முதலில் ஐயுறப்பட்டவர், அட்டைப் பெண் கதையில் செய்தது, பேய் மெய்யா வேடமா. படித்தவர் சீட்டை நிரப்பிப் பெட்டியில் போட வேண்டும். நூல் திரும்பாவிட்டாலும் தாழ்வில்லை, சீட்டு திரும்ப வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். எழுத வராதவர் சொன்னால் நிலையத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார்.

இதுவரை 57 சீட்டுகள் வந்திருக்கின்றன. பேய் வந்த கதைகள் 11; வேடம் 8, மெய் 3. மெய் என்று எழுதிய மூவரில் ஒருவர், 'பேய் என்றுதான் போட்டிருக்கிறான், எனக்கு நம்பிக்கை இல்லை' என்று ஓரத்திலே சேர்த்திருந்தார். அட்டைப் பெண் செய்தது என்னும் இடத்தில் 'ஒன்றுமில்லை' என்பது 31 முறை வந்துவிட்டது. அக்காள் மகள் அதைத் தனியே எண்ணி வருகிறாள். எண் 862: கொலையுண்டவர் பண்ணையார், கொலையாளி மைத்துனர், காரணம் தென்னந்தோப்பு, முதலில் ஐயுறப்பட்டவர் தோப்புக் காவல்காரர். எண் 233 இறுதிப் பக்கம் இல்லாத 64இல் ஒன்று. கவனியாமல் அலமாரிக்குப் போய்விட்டது. படித்தவர் பரமக்குடிப் பக்கத்திலிருந்து மகனுக்குத் துணையாய் வந்திருந்த அம்மையார். அவர் சொல்லச் சொல்ல நிலையத்தார் எழுதியிருக்கிறார். 'முடிவு கிழிந்துவிட்டது. கொலையாளி கணக்கப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். சாவி தன்னிடம் இல்லை என்கிறான். 41ஆம் பக்கத்தில் அவன்தான் பெட்டியைப் பூட்டுகிறான்.'

நூலை வாங்கி 41ஆம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தோம். பூட்டுகிறான்.